ஆனியில் உவரிக் கடல் ஏன் தணுக்கிறது?

ஜூன் 16, மாலை 6.12 (கேள்வி)

வள்ளியூரிலிருந்து எழுதுகிறேன். நேற்று அந்தோணியார் கோயிலுக்குப் போய்விட்டுப் பிள்ளைகளோடு உவரிக் கடலில் கால் நனைத்தோம். வெயில் மண்டையைப் பிளக்கிறது, தண்ணி மட்டும் குற்றாலத்து அருவி மாதிரி சில்லென்று இருக்கிறது. சித்திரையில் வந்தபோது வெதுவெதுவென்று இருந்தது. கேரளாவில் மழை பிடித்துவிட்டது, அந்த ஆற்றுத் தண்ணிதான் கடல் வழியாக இங்கே வருகிறது என்கிறார் மைத்துனர். சரியா?

ஜூன் 16, இரவு 9.40

மைத்துனர் சொல்வது சரியில்லை. நீங்கள் மிதித்தது கீழேயிருந்து ஏறி வந்த தண்ணி. நான் அந்தக் கரையில் பிறந்தவள், கடலுயிரியல் படித்தவள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ரொம்ப நாளாகக் காத்திருக்கிறேன்.

அடுத்த தடவை போனால் மணப்பாடு இருக்கிற திசையைப் பார்த்து நில்லுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று உங்கள் முதுகில் அடிக்கும். இடது கைப் பக்கம் செம்மணல் தேரிக்காடு, வலது கைப் பக்கம் கடல். பூமி சுற்றுவதால் வட பாதியில் காற்று இழுத்துப்போகும் மேல்தண்ணி நேராகப் போகாது, மொத்தமாகப் பார்த்தால் காற்றுக்கு வலப்பக்கமாக ஒதுங்கும். நம் கரைக்கு வலப்பக்கம் என்றால் நடுக்கடல். ஆக, வெயிலில் சூடான மேல்தண்ணி கரையை விட்டு விலகிப் போகிறது. அந்த இடம் காலியாக இருக்க முடியாது, இருட்டில் கிடந்த தணுத்த தண்ணி அடியிலிருந்து ஏறி வருகிறது. பாடப்புத்தகத்தில் இதற்கு மேலெழுச்சி என்று பெயர். எங்கள் வீட்டில் "கீழ்த்தண்ணி ஏறிட்டு" என்பார்கள்.

ஜூன் 16, இரவு 10.05

ஒன்று விட்டுப்போனது. ஊற்று மாதிரிக் குபுகுபுவென்று வரும் என்று நினைக்க வேண்டாம். ஒரு நாளைக்குச் சில மீட்டர்தான் ஏறும். அதனால்தான் காற்று பிடித்த முதல் நாளே தணுக்காது, தொடர்ந்து அடிக்க வேண்டும்.

ஜூன் 18, இரவு 8.30

"நம் பக்கம் கச்சான், அதான் இந்தப் பருவக்காற்று, கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிறது. மேல்தண்ணியை நேராகத் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதானே? இதில் வலப்பக்கம் எதற்கு?" என்று கூடங்குளத்து அண்ணாச்சி ஒருவர் கேட்டிருக்கிறார்.

நல்ல கேள்வி. ஆழம் குறைந்த கரையோரத்தில் நீங்கள் சொல்கிற தள்ளலும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சற்று வெளியே போனால் பூமிச் சுழற்சியின் கை ஓங்கிவிடும். இதை முதலில் கவனித்தவர் நார்வேக்காரர் நான்சென். 1893 முதல் 1896 வரை ஃப்ராம் கப்பலைப் பனியில் சிக்கவிட்டு வடதுருவக் கடலில் மிதந்தபோது, பனிப்பாளங்கள் காற்றின் திசைக்கு 20 முதல் 40 டிகிரி வலப்பக்கம் விலகியே நகர்வதைப் பார்த்தார். அதற்குக் கணக்குப் போட்டவர் சுவீடனைச் சேர்ந்த எக்மன், 1905-ல் கட்டுரையாக வந்தது. மேலடுக்கை ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகப் பல தட்டுகளாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தட்டும் மேலே இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வலப்பக்கம் திரும்பும், வேகமும் குறையும். எல்லாவற்றையும் கூட்டினால் காற்றுக்குச் செங்குத்தாக வலப்பக்கம்.

நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், 8 டிகிரியில் இருக்கிறோம். சுழற்சியின் இழுப்பு இங்கே பலவீனம் என்பதால் மேலெழுச்சியும் பலவீனமாக இருக்கும் என்று நானும் கல்லூரியில் நினைத்தேன். கணக்கு தலைகீழ். அதே காற்றுக்கு நகரும் தண்ணியின் அளவு, சுழற்சி குறையக் குறையக் கூடும். 40 டிகிரியில் இருக்கும் வட கலிபோர்னியாக் கரையோடு ஒப்பிட்டால், ஒரே காற்றுக்கு உவரியில் ஏறத்தாழ நாலரை மடங்கு தண்ணி நகரும். வகுப்பில் இதைப் போட்டுக்காட்டிய அன்று எனக்குப் புல்லரித்தது.

ஜூன் 19, காலை 7.15

குற்றாலத்தில் சாரல், முப்பந்தலில் காற்றாலைச் சுழற்சி, உவரியில் தணுத்த கடல் மூன்றும் ஒரே காற்றின் வேலை. குதிரைமொழித் தேரியில் சிவந்த மணலை மேடு மேடாகக் குவித்ததும் அதே காற்றுதான். எங்கள் வீட்டில் மட்டும் அந்தக் காற்றுக்கு நல்ல பெயர் கிடையாது. ஆனி ஆடியில் அப்பா வள்ளத்தைக் கரையேற்றிக் கவிழ்த்துவிட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அம்மா காதுக்கம்மலைக் கழற்றுகிற மாதம் அது.

ஜூன் 27, இரவு 9.00

தணுத்த தண்ணி வந்தால் என்ன லாபம் என்று வள்ளியூர்க்காரர் கேட்டிருந்தார்.

கடலில் மேலிருந்து செத்து விழுவதெல்லாம் அடியில் போய் மக்குகிறது. நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் எல்லாம் கீழே தங்கிவிடும். வயலில் எருவை ஆள் உயரத்துக்குக் கீழே புதைத்துவிட்ட மாதிரி: எரு உண்டு, வெளிச்சம் இல்லை. மேலே வெளிச்சம் உண்டு, எரு இல்லை. மேலெழுச்சி அந்த எருவை வெயிலுக்குக் கொண்டுவருகிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள், அதாவது பைட்டோபிளாங்டன், அதில் பெருகுகின்றன. சிலிக்கேட் தாராளமாக இருந்தால் முந்திக்கொள்வது டயாட்டம். கண்ணாடி ஓடு கட்டிக்கொள்ளும் ஒற்றைச் செல் பாசி அது. ஒரு நாளைக்கு ஒரு தடவை இரண்டாகப் பிரிகிறது என்று வைத்தாலும், தின்ன ஆளில்லாவிட்டால் பத்து நாளில் ஆயிரம் மடங்கு. உலகக் கடற்பரப்பில் மேலெழுச்சிக் கரைகள் ஒரு சதவீதம் அளவுதான், மீன்பிடியில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் அங்கிருந்து வருகிறது.

இதை எனக்கு முதலில் காட்டியது அம்மாவின் அரிவாள்மணை. அம்மா திசையன்விளைச் சந்தைக்கு மீன் கொண்டுபோனவர். சாளையை, அதாவது மத்தி மீனை, கிழிக்கும்போது குடலைக் கவனிப்பார். சில நாள் கறுப்பாக இருக்கும். சில நாள் அரைத்த கொத்தமல்லி மாதிரிப் பச்சையாகப் பிதுங்கும். "பச்ச குடிச்சிருக்கு. இப்ப ருசி இருக்காது, ஒரு மாசம் போட்டும், நெய் கட்டிரும்" என்பார். கல்லூரியில் அந்தப் பச்சையை நுண்ணோக்கியில் வைத்தேன். கண்ணாடிச் சங்கிலிகளாக டயாட்டம். சாளையில் பேய்ச்சாளை என்கிற வகை நேரடியாக இதைத் தின்றே வளர்கிற மீன். ஃப்ராஜிலேரியா ஓசியானிகா என்கிற டயாட்டம் பெருகினால் சாளை பெருகும் என்று சுப்பிரமணியனும் நாயரும் 1955-லேயே எழுதியிருக்கிறார்கள். அம்மாவிடம் சொன்னேன். "அவுகளும் சாளை கிழிச்சாகளா?" என்று கேட்டார். கிழித்துத்தான் இருப்பார்கள்.

ஜூலை 4, இரவு 10.20

முன் குறிப்பைத் திருத்துகிறேன். படிக்கிறவர்களுக்குத் தணுத்த தண்ணி வந்தால் மீன் வரும் என்று தோன்றும். தம்பி போனில் சண்டைக்கு வந்துவிட்டான். "அக்கா, தண்ணி எலும்புக்குள்ள ஏறுது, வலையில ஒண்ணும் இல்ல. நீ என்ன எழுதிக்கிட்டு இருக்க?"

அவன் சொல்வது சரி. ஏறின அன்று அந்தத் தண்ணியில் எரு மட்டும்தான் இருக்கும், விதை கொஞ்சம்தான். இருட்டிலிருந்து வந்த பாசி வெளிச்சத்துக்குப் பழகி, பிரிந்து, கூட்டமாவதற்குச் சில நாட்கள் வேண்டும். அதற்குள் தண்ணி கரையை விட்டு வெளியே போய்க்கொண்டே இருக்கிறது. ஆகவே மிகவும் தணுத்த இடமும் மிகவும் பச்சையான இடமும் ஒன்றாக இருக்காது.

காற்று ரொம்ப அடித்தாலும் ஆகாது. பாசியை வெளிச்சத்துக்குக் கீழே கலக்கி இறக்கிவிடும், மீன்குஞ்சுகளை அள்ளி நடுக்கடலில் கொண்டுபோய்ப் போடும். கியூரியும் ராயும் 1989-ல் பல நாட்டுச் சாளை, நெத்திலிக் கணக்குகளை வைத்துப் பார்த்தபோது, விநாடிக்கு 5, 6 மீட்டர் காற்றில்தான் குஞ்சு நன்றாகத் தங்குகிறது என்று கண்டார்கள். அதற்குக் குறைந்தால் எரு போதாது, கூடினால் சிதறிவிடும். விட்டு விட்டு அடிக்கிற காற்றுதான் கொடை. நாலு நாள் அடித்து, நாலு நாள் ஓய வேண்டும்.

ஜூலை 5, காலை 6.50

இன்னொன்று. கீழ்த்தண்ணியில் எரு மிகுதி, பிராணவாயு குறைச்சல். மக்கும்போது அது செலவாகிவிடுகிறது. மலையாளக் கரையில் ஆனி ஆடியில் அடிமீனும் இறாலும் மேலேயும் கரைப்பக்கமும் ஒதுங்குவதற்கு இது ஒரு காரணம். மூச்சுக்குத் தவித்து வருகிற மீனைக் கொள்ளை மீன் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஜூலை 21, இரவு 11.10

இன்று ஞாயிறு, தூக்கம் வரவில்லை. கடலில் நான் பார்த்த ஒரு கோடு பற்றி எழுதிவிடுகிறேன்.

ஒன்பதாம் வகுப்புக் காலாண்டு லீவு. பொம்பளப் பிள்ளையைக் கடலுக்குக் கூட்டிப்போகிற வழக்கம் எங்கள் கரையில் கிடையாது. நான் மூன்று நாள் அழுது, அப்பா இறங்கிவந்தார். அம்மா கரையில் நின்று சத்தம்போட்டது வெகுதூரம் கேட்டது. புரட்டாசி, காற்று ஓய்ந்த நேரம். விடியும்போது கோயில் கோபுரம் தீப்பெட்டி அளவுக்குச் சிறுத்திருந்தது.

அப்பா திடீரென்று இயந்திரத்தை அணைத்தார். முன்னால் கடலில் ஒரு கோடு. யாரோ சுண்ணாம்பு இழுத்த மாதிரி நுரை, கண்ணுக்கெட்டிய தூரம் வளைந்து வளைந்து போனது. அதில் பனையோலை, பனங்கொட்டை, அறுந்த செருப்பு, சொறி மீன் எல்லாம் வரிசையாக ஒதுங்கிக் கிடந்தன. ஆலாக்கள் கத்திக்கொண்டு கோட்டின் மேலேயே பறந்தன. கரைப்பக்கத் தண்ணி பாசிப்பயறு நிறம். வெளிப்பக்கம் நல்ல நீலம். காற்றே இல்லை, ஆனால் கோட்டில் மட்டும் சின்னச் சின்ன அலைகள் குதித்துக்கொண்டிருந்தன, சோறு கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம். அப்பா என் கையைப் பிடித்து முதலில் இந்தப் பக்கம் முக்கினார், பிறகு அந்தப் பக்கம். இங்கே தணுப்பு, அங்கே வெதுவெதுப்பு. "தண்ணி முறிஞ்சு கெடக்கு பாத்தியா? இதுதான் தண்ணி முறிவு" என்றார்.

வலையைப் பச்சையில் விடவில்லை. நீலப்பக்கம், கோட்டை ஒட்டி, ஒரு வள்ளத்தின் நீளம் தள்ளிச் சாளை வலையை இறக்கினார். ஏன் என்று கேட்டேன். "பச்சையில மீன் சிதறிக் கெடக்கும். இங்கதான் கூடி நிக்கும்." அன்று வள்ளம் தாழ்ந்து வந்தது. அம்மா என்னைத் திட்டுவதற்கு மறந்துபோனார்.

ஜூலை 22, மாலை 5.45

அப்பா காட்டியது என்ன என்று புரிய எனக்குப் பத்து வருஷம் ஆனது.

ஏறி வந்த தணுத்த தண்ணி கனமானது, வெளியே உள்ள சூடான தண்ணி லேசானது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் சட்டென்று கலந்துவிடாது. கனமானது லேசானதற்கு அடியில் நுழையப் பார்க்கும். கோட்டின் தணுத்த பக்கம் தண்ணி இறங்கும், வெதுவெதுப்பான பக்கம் அடியிலிருந்து மெல்ல ஏறும். மேற்பரப்பில் தண்ணி கோட்டை நோக்கி வந்து அமிழ்வதால் மிதப்பதெல்லாம் அங்கே ஒதுங்கும், செருப்பும்தான், மிதவை உயிர்களும்தான்.

பாசிக்கு அங்கே என்ன லாபம்? தணுத்த பக்கம் எரு உண்டு, ஆனால் தண்ணி மேலும் கீழும் கலங்குவதால் பாசி பாதி நேரம் இருட்டில். சூடான பக்கம் தண்ணி அடுக்கடுக்காக அசையாமல் நிற்கிறது, நாள் முழுக்க வெயில், ஆனால் எரு காலி. கோட்டில் இரண்டும் ஒன்றாகக் கிடைக்கின்றன. ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் விளக்கு. பாசியைத் தின்ன சிறு மிதவைப்பூச்சி, அதைத் தின்ன நெத்திலி, நெத்திலியைத் தின்ன சூரை.

வெளிநாட்டுப் புத்தகங்களில் கண்டத்திட்டுக் கோடுகள், அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலில் விழும் கோடுகள் என்றால், ஓதத்தால், அதாவது கடல் ஏறி வற்றுவதால், உண்டாகிறவையும் வரும். பிரிட்டனைச் சுற்றி ஓதம் பலமாக ஓடுவதால் ஆழம் குறைந்த இடம் முழுக்கக் கலங்கிவிடும், ஆழமான இடம் அடுக்காகவே இருக்கும், நடுவில் ஒரு கோடு விழும். சிம்சனும் ஹன்டரும் 1974-ல் ஆழத்தையும் ஓத வேகத்தையும் வைத்தே கோடு எங்கே விழும் என்று சொல்லிவிட்டார்கள். நம் கரையில் ஓத ஏற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. இங்கே காற்றுதான் கோடு கிழிக்கிறது.

ஆகஸ்ட் 3, இரவு 9.15

"இப்போதுதான் செயற்கைக்கோளே மீன் இருக்கிற இடத்தைச் சொல்கிறதே" என்று ஒருவர்.

சொல்கிறது. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்கிற அரசுக் கடல் தகவல் மையம், கடல் மேற்பரப்பு வெப்பத்தையும் பச்சையத்தையும் செயற்கைக்கோள் படத்தில் பார்த்து, மீன் இறங்குதளத்திலிருந்து எந்தத் திசை, எத்தனை தூரம், எவ்வளவு ஆழம் என்று தமிழிலேயே அனுப்புகிறது. அது தேடுவதும் அப்பா தேடிய முறிவைத்தான். நம் நாடு 1999 மே மாதம் ஏவிய ஓஷன்சாட் கடலின் நிறத்தைப் பார்க்கிற கண், அதன் மூன்றாம் தலைமுறை 2022 நவம்பரில் போனது. தம்பி இந்தத் தகவலை மதிக்கிறவன், டீசல் மிச்சமாகிறது என்கிறான்.

ஆனால் பச்சை மிகுந்திருக்கும் ஆனி ஆடியில்தான் கடல்மேல் மேகம் மூடிக்கிடக்கும். மேகத்துக்குக் கீழே அந்தக் கண்ணுக்குத் தெரியாது. எது கடலுக்குச் சோறு போடுகிறதோ அதுவே நம் கண்ணையும் மறைக்கிறது. அந்த மாதங்களில் கையை முக்கிப் பார்க்கிற படிப்புதான் கைகொடுக்கும். அது தம்பி காலத்தோடு போய்விடுமோ என்ற பயம் எனக்கு உண்மையாகவே இருக்கிறது. அவன் மகன் ஓசூரில் வேலை பார்க்கிறான்.

ஆகஸ்ட் 4, காலை 8.00

மேலே எழுதியதற்கு ஒரு ஒட்டு. படத்தில் நீலமாகத் தெரிந்தால் பாசியே இல்லை என்று அர்த்தமில்லை. மாசி பங்குனியில் கடல் அசையாமல் கிடக்கும்போது, எரு தொடங்குகிற ஆழத்துக்கும் வெளிச்சம் முடிகிற ஆழத்துக்கும் நடுவே, பல பத்து மீட்டர் கீழே பாசி ஒரு படலமாக நிற்கும். மேலேயிருந்து பார்க்கிற கண்ணுக்கு அது எட்டாது.

ஆகஸ்ட் 19, இரவு 10.30

ஜூன் மாதம் எல்லாம் காற்றின் வேலை என்று அடித்துச் சொல்லிவிட்டேன். பாதிதான் சரி.

முதலாவது, கடலுக்குள் ஓடும் நீண்ட அலைகள். வங்காள விரிகுடாவில் அடிக்கிற காற்றின் சேதி இலங்கையைச் சுற்றி, குமரிமுனையைக் கடந்து, மேற்குக்கரை ஓரமாக வடக்கே போகிறது. இந்த அலைகள் தணுத்த தண்ணியின் மேல்விளிம்பை உயர்த்தவும் தாழ்த்தவும் செய்யும். கோவா கடலாய்வு நிறுவனத்தில் சேத்யே, சங்கர் போன்றவர்கள் இதை விரிவாக ஆராய்ந்தவர்கள். உள்ளூரில் காற்று குறைவாக இருக்கும்போதே தண்ணி தணுக்கிற வருஷங்களுக்கு இங்கே விளக்கம் உண்டு.

இரண்டாவது, நீவாடு, அதாவது கடலின் ஓட்டம். கச்சான் காலத்தில் மேற்குக்கரை நீரோட்டம் தெற்கே இறங்கிக் குமரிமுனையில் கிழக்கே திரும்புகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் வினயச்சந்திரனும் கூட்டாளிகளும் 2004-ல் செயற்கைக்கோள் படங்களை வைத்து, இந்தியாவின் தென்முனையில் உண்டாகும் பச்சை இந்த ஓட்டத்தோடு இலங்கைப் பக்கம் இழுபடுவதைக் காட்டினார்கள். அப்படியானால் உவரியில் உங்கள் காலில் பட்ட தணுப்பில் ஒரு பங்கு உவரியிலேயே ஏறியது, ஒரு பங்கு குமரிக்கு மேற்கே ஏறி நடந்து வந்தது. எது எவ்வளவு என்று வாளித் தண்ணியை வைத்துச் சொல்ல முடியாது. வள்ளியூர்க்காரரின் மைத்துனருக்கு: மேற்கிலிருந்து வருகிறது என்ற அளவில் நீங்கள் சொன்னதில் உண்மை இருந்திருக்கிறது, மழைத்தண்ணி என்றதுதான் தவறு.

செப்டம்பர் 2, இரவு 9.50

"எரு இவ்வளவு வந்தும் சாளை ஏன் இல்லாமல் போகிறது?" என்று கூத்தங்குழித் தம்பி.

மேலெழுச்சி இருந்தால் மட்டும் போதாது. கேரளத்தில் 2012-ல் ஏறக்குறைய 3.9 லட்சம் டன் சாளை பிடிபட்டது, 2021-ல் 3,300 டன்கூடத் தேறவில்லை. பெருவில் 1970-ல் நெத்திலி இனமொன்று 1 கோடி 20 லட்சம் டன்னுக்கு மேல் பிடிபட்டு, பசிபிக் கடல் சூடேறும் எல் நினோ வந்த 1972-73-ல் சரிந்தது. சூடான தண்ணி மேலே தடித்த மூடியாகிவிட்டால், காற்று அதே வேகத்தில் அடித்தும் எரு மேலே வராது. அந்த நேரத்தில் முட்டையிடுகிற மீனையும் வழித்து எடுத்தால் மிஞ்சுவது ஏது? சின்னச் சாளையைக் கோழித்தீவனத்துக்கு அள்ளுவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

பச்சை கூடினாலும் எப்போதும் நல்லதில்லை. 2019-ல் மன்னார் வளைகுடாவில் நாக்டிலுக்கா என்ற மிதவையுயிர் பெருகிக் கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கின.

செப்டம்பர் 3, காலை 7.30

புன்னைக்காயலிலிருந்து ஒருவர்: "எங்களுக்குக் கோடு ஐப்பசி கார்த்திகையில்தான் தெரியும், செங்காவி நிறத்தில்." அது தாமிரபரணி போடுகிற கோடு. நல்ல தண்ணி லேசு என்பதால் உப்புத்தண்ணி மேல் படர்ந்து போய் விளிம்பில் முறியும். எருவும் உண்டு, சேறும் உண்டு, சேறு அடங்கிய வெளி விளிம்பில்தான் பாசி பிடிக்கும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அந்த வெள்ளம் கடலில் எவ்வளவு தூரம் நிறம் மாற்றியது என்று பார்த்தவர்கள் எழுதுங்கள்.

செப்டம்பர் 28, மாலை 6.40

காற்று ஓய்ந்துவிட்டது. தம்பி நேற்று முறிவைப் பார்த்திருக்கிறான். சமையலறை வெப்பமானி ஒன்றைக் கொடுத்துவிட்டிருந்தேன், இரு பக்கமும் வாளியில் மொண்டு பார்த்து இரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம் என்றான். வந்த சாளையை அம்மா கிழித்தார். எண்பது வயதாகிறது, கண் மங்கல், விரலால் தடவிப் பார்த்து "பச்சதான?" என்று என்னிடம் கேட்டார். பச்சைதான். பாதியைக் குழம்பு வைத்தோம், எண்ணெய் இன்னும் மிதக்கவில்லை.

செப்டம்பர் 30, இரவு 8.10

எங்களுக்கு மேற்கே இருக்கிற கூட்டப்புளித் தம்பி போட்ட குறிப்பைப் பார்த்தேன். ஜூன் மாதம் அங்கே தண்ணி தணுத்தது எங்கள் கரைக்கு இரண்டு நாள் முந்தி. மேற்கிலிருந்து நடந்து வருகிறது என்பதோடு ஒத்துப்போகிறது, ஆனால் ஒரு வருஷத்துக் கணக்கு போதாது. வைகாசி பிறந்ததும் கூட்டப்புளி, இடிந்தகரை, உவரி மூன்று ஊரிலும் தினம் விடியற்காலை ஒரு வாளி மொண்டு வெப்பத்தைக் குறிக்க ஆள் வேண்டும். வெப்பமானி நான் வாங்கித் தருகிறேன். இடிந்தகரைக்கு மட்டும் இன்னும் ஆள் கிடைக்கவில்லை.